ஒரு மாரா மரம் இறங்கும் வழி

1800ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜெர்மானிய ஆய்வாளர் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் அரகுவாப் பள்ளத்தாக்கு வழியே போய்க்கொண்டிருந்தார். துர்மேரோ என்ற ஊரைக் கடந்ததும் தூரத்தில் பசுமை மூடிய ஒரு மேடு தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது மேடு அல்ல, தோப்பும் அல்ல, ஒற்றை மரம். உயரம் 60 அடிதான். ஆனால் கொப்புகள் விரிந்து நின்ற வட்டத்தின் சுற்றளவு 576 அடி. ஊர் மக்கள் அந்த மரத்துக்குக் கொடுத்த மரியாதையையும் அவர் எழுதிவைத்தார். அதன் கொப்பு ஒன்றைத் துணிந்து வெட்டிய குடியானவர் ஒருவர் மேல் காணிக்காரர் வழக்குத் தொடுத்தார். வழக்கு விசாரிக்கப்பட்டு, வெட்டியவர் தண்டிக்கப்பட்டார்.

அந்த மரத்தின் இனந்தான் கலேவெலப் பக்கத்து வீதியோரங்களிலும் நிற்கிறது. அங்கே தமிழ் பேசுகிறவர்களும் அதை மாரா மரம் என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது தூங்குமூஞ்சி மரம். இங்கே அதன் பேரில் எழுதப்படும் கடிதங்கள் மறுபக்கமாக ஓடுகின்றன: மரம் வீட்டின் மேல் சாய்கிறது, பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து, தயவுசெய்து வெட்டித் தாருங்கள். கொப்பை வெட்டியவர் குற்றவாளி என்ற இடத்திலிருந்து நிற்கும் மரமே குற்றவாளி என்ற இடம்வரை இந்த இனம் வந்து சேர்ந்த பாதையை எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்தப் பாதை வாள் வைக்கும் நாளோடு முடிகிறது. ஆனால் ஆபத்து தொடங்குவது அந்த நாளில் அல்ல.

மாரா இலங்கைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். தென்னமெரிக்கச் செடிகள் இந்தத் தீவுக்குள் வரிசையாக இறங்கிய காலம் அது. 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா அப்போது துவைற்ஸ் என்ற ஆங்கிலத் தாவரவியலாளரின் பொறுப்பில் இருந்தது. 1861இல் சிங்கோனா வந்தது, 1876இல் இறப்பர் வந்தது. அவை இரண்டும் தோட்டத்துக்கு வருமானம் தர வந்தவை. மாராவுக்குக் கிடைத்த வேலை நிழல் தருவது.

அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடைப்பது அரிது. மிக வேகமாக வளரும். நடுகிறவர் தன் ஆயுளுக்குள்ளேயே அதன் கீழ் நிற்கலாம். மாலையானாலும் மழை இருட்டினாலும் இலைகளை மடித்துக்கொள்ளும். அதனால் மழை நேராகத் தரைக்கு இறங்கி அடியில் புல் பச்சையாக நிற்கும். நிழல் தவிர, காயும் ஊருக்கு உதவியது. நீண்ட கறுத்த காய்க்குள் இனிப்பான சதை இருக்கிறது. மாடு விரும்பித் தின்னும். விதை ஓடு கடினமானது, மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தோடு வெளியே வந்தும் முளைக்கும். மாட்டுவண்டிகள் சரக்குச் சுமந்த காலத்தில் நிழலும் தீவனமும் ஒரே இடத்தில் கிடைத்தால் வண்டிக்காரர் அங்கேதான் அவிழ்த்துவிடுவார். அடுத்த தங்குமிடத்தில் அதே மாடு விதையை இறக்கிவிட்டுப் போகும். அரசாங்கம் நட்டது பாதி என்றால் மீதிக்கு மாடுகளும் பங்காளிகள்.

கலேவெல மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியில் இருக்கிறது. தம்புள்ளை இருபது கிலோமீற்றருக்குள். மலைநாட்டின் ஈரம் முடிந்து வரண்ட வலயம் தொடங்கும் இடம். தேவஹுவ குளத்து நீர் பாயும் வயல், அப்பால் சேனைப் பயிர், வெங்காயம், மரக்கறி. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு இந்த வீதியில் இரவெல்லாம் மரக்கறி லொறிகள் ஓடுகின்றன. இந்த மண்ணுக்கே உரிய பாலை, முதிரை, கருங்காலி, வீரை எல்லாம் மெதுவாக வளர்பவை, கட்டை கடினமானது. ஆண்டில் பல மாதம் மழை இல்லாமல் நின்று பழகியவை. மாரா அப்படியல்ல. கிடைத்த நீரையும் வெளிச்சத்தையும் கொண்டு முடிந்தவரை பக்கவாட்டில் விரிவதுதான் அதன் சுபாவம்.

அந்தச் சுபாவத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாழ்வாகக் கவட்டை பிரிந்து, ஒவ்வொரு கொப்பும் பதினைந்து மீற்றருக்குக் கிடையாக நீண்டு, நுனியில் தழையைத் தாங்குகிறது. திறந்த வெளியில் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தால் பாரம் சமப்படும். அரகுவாவில் ஹம்போல்ட் கண்டதும் அப்படி நின்ற மரந்தான். அதன் கொப்பு நுனிகள் சுற்றிவரத் தரையை நோக்கித் தாழ்ந்திருந்தன. வீதியோரத்தில் அந்தச் சமநிலை கிடைக்காது. பஸ் போகக் கீழ்க் கொப்புகளை வெட்ட வேண்டும். மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும். கடைக்காரர் பெயர்ப்பலகை தெரியவில்லை என்று இன்னொரு பக்கத்தைக் குறைப்பார். மிஞ்சுவது வீதியின் மேல் மட்டும் நீண்டிருக்கும் கனத்த கொப்பு. அது போதாதென்று வீதி அகலமாகும்போது வேர்ப் பக்கம் வடிகான் வெட்டுகிறார்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒரு கிடங்கு, தொலைபேசிக் கம்பிக்கு இன்னொன்று. சாய்ந்து நிற்கும் மரத்துக்குச் சாய்வின் எதிர்ப்பக்கத்து வேர்தான் பிடிமானம். அதை ஒரே நாளில் இயந்திரம் அறுத்துப் போட்டுவிட்டு மேலே கொங்கிறீற் ஊற்றிவிட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இலை பச்சையாகவே இருக்கும். பத்து ஆண்டு கழித்து ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும் ஒரு பின்னேரம் காற்று வீசும்போதுதான் அந்தக் கணக்குத் தீரும்.

மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை என்பதை அறிவியலாகச் சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ. 1950களின் இறுதியில், ஒருவரே தூக்கக்கூடிய செயின்சோ கைக்குக் கிடைத்த புதிதில், அவர் மரங்களைக் குறுக்காக வெட்டாமல் நெடுக்காகப் பிளந்து பார்க்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்த பிறகு அவர் கண்டது: மனிதரின் தோல் மாதிரி மரம் பழுதான திசுவைப் புதுப்பிப்பதில்லை. பழுதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அதை உள்ளே பூட்டிவைத்துவிட்டு, வெளியே புது மரம் வளர்த்துக்கொள்கிறது. கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்டினால் சுவர் பலமாக எழும்பும். அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் சுவர் எழுப்பும் இடத்தையே வெட்டி எறிந்ததாகிவிடும். நம் வீதியோரங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. முழங்கை அளவு கட்டையை நீட்டி விட்டுவிட்டுப் போகிறார்கள். அது உக்கி, உள்ளே வழி திறக்கிறது. தலையையே மொட்டையடித்தால் இன்னும் மோசம். வெட்டுவாயைச் சுற்றி ஒரு கட்டுத் தளிர் வெடித்துக் கிளம்பும். ஊர் பார்த்துவிட்டு மரம் தழைத்துவிட்டது என்று மகிழும். அந்தத் தளிர்கள் கட்டையின் உள்ளிருந்து வந்தவை அல்ல, மேற்பட்டையில் ஒட்டியவை. அவையும் சில ஆண்டில் தொடைப் பருமன் ஆகும், அப்போது பிய்ந்து விழும்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் அடிமரத்தில் ஒரு பொந்து தெரிகிறது, அல்லது வேரடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கிறது. அப்போதுதான் மரம் ஆபத்தானது என்ற பேச்சு தொடங்குகிறது. பொந்து இருந்தாலே மரம் விழும் என்பது பொதுவான நம்பிக்கை. அது சரியல்ல. ஜெர்மனியின் காள்ஸ்றூவில் மரங்களின் பொறியியலை ஆராய்ந்த கிளவுஸ் மத்தெக் விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து ஒரு பொதுக் கணக்குச் சொன்னார்: நல்ல மரச் சுவரின் தடிப்பு அடிமரத்து ஆரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் தாங்கும். அதாவது ஒரு மீற்றர் குறுக்களவுள்ள மாராவுக்கு 50 சென்ரிமீற்றர் ஆரை; சுற்றிவர 15 முதல் 17 சென்ரிமீற்றர் நல்ல சுவர் இருந்தால் உள்ளே வெறுமையானாலும் உடனே வெட்ட வேண்டியதில்லை. பொந்து ஒரு பக்கம் பிளந்து திறந்திருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ, வேர் உக்கியிருந்தாலோ இந்தக் கணக்கு உதவாது. ஆனாலும் ஒரு மரச் சுத்தியலால் தட்டி, ஓசை எங்கே கணீரென்றும் எங்கே பொத்தென்றும் வருகிறது என்று கேட்டு, மெல்லிய ஊசித் துரப்பணத்தால் இரண்டு மூன்று இடத்தில் துளைத்துச் சுவரை அளந்து பார்ப்பது ஒரு காலை நேர வேலைதான். வேரடியில் மண் வெடித்திருக்கிறதா, சாய்வு பழையதா புதியதா, இரண்டு கொப்பு கூடும் கவட்டையில் பட்டை உள்மடிந்து கோடு போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கருவியே வேண்டாம்.

2023 ஒக்ரோபர் 6ஆம் திகதி காலை கொழும்பு கொள்ளுப்பிட்டியில், மழைக்குள் போய்க்கொண்டிருந்த தெனியாயப் பஸ் மேல் பெருமரம் ஒன்று விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.  அதற்குப் பிறகு நாடெங்கும் வீதியோர மரங்களைப் பார்க்கும் கண் மாறியது. பயப்பட்டது நியாயம். ஆனால் பயம் வந்ததும் கையில் கிடைத்த எல்லா மரத்தையும் மொட்டையடிப்பது அடுத்த பதினைந்து ஆண்டுக்கான ஆபத்தை இன்றே நட்டுவைப்பதாகும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சரிந்தன. தார் கழுத்துவரை மூடி, நடைபாதைக் கல்லுக்குள் இறுகி நின்ற மரங்களைப் பற்றிய கேள்வி அங்கேயும் எழுந்தது.

கலேவெலவில் ஒருவர் தன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மாராவை அகற்ற நினைத்தால் முதலில் தெரிய வேண்டியது மரம் யாருடையது என்பது. ஏ6 வீதியின் ஒதுக்கில் நின்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமான இடம். உள்வீதி என்றால் பிரதேச சபை. பள்ளிக்கூட வளவு, கோயில் வளவு, தனியார் காணி ஒவ்வொன்றுக்கும் வேறு வழி. வழக்கமாகக் கடிதம் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. அரச இடத்து மரமானால் தறித்துக் குற்றியாக்கும் வேலை அரச மரக் கூட்டுத்தாபனத்துக்கு வரும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் வழங்குபவர்களும் வர வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டத் தடை போட்டது. பசிக்குச் சோறு போடும் மரங்கள் என்பதால் வந்த காவல் அது. மாராவுக்கு அந்த அந்தஸ்து இல்லை, ஆனால் அதன் கடிதமும் மேசைக்கு மேசை நகர நாள் எடுக்கிறது. பொறுமை இழந்த சிலர் இரவில் அடிப்பட்டையைச் சுற்றிச் சீவிவிடுகிறார்கள். காய்ந்த மரத்தை யாரும் உடனே வெட்டித் தருவார்கள் என்ற நினைப்பு. பச்சை மரத்தில் ஏறலாம், கயிறு கட்டலாம். நின்றபடி செத்த மரத்தில் எந்தக் கொப்பு எப்போது முறியும் என்று ஏறுகிறவருக்குத் தெரியாது. பட்டையைச் சீவியவர் தன் வீட்டுக்கும் ஏறப்போகிறவர் உயிருக்கும் சேர்த்தே ஆபத்தைக் கூட்டிவிடுகிறார்.

இனி வேலை நாள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான். மரம் தறிப்பது பலசாலியின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கணக்குத் தெரிந்தவரின் வேலை.

முதல் காரியம் மின்சாரம். வீதியோரம் போகும் உயரழுத்தக் கம்பியில் 33,000 வோல்ற்று ஓடுகிறது. கொப்பு அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே போதும். ஈரமான கயிறும் பச்சைக் கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியை நிறுத்துவது மட்டும் போதாது, நிறுத்திய கம்பியை மண்ணோடு இணைத்தும் வைக்க வேண்டும். எங்கோ ஒரு கடையில் மின்பிறப்பாக்கியைப் பிழையாக இணைத்து ஓடவிட்டால் நின்ற கம்பிக்குள் மின்சாரம் திரும்பி வந்துவிடும். அடுத்தது ஆட்கள். மரத்தின் உயரம் எவ்வளவோ அதன் இரண்டு மடங்கு தூரத்துக்கு வேலைக்காரர் அல்லாத எவரும் நிற்கக் கூடாது. கலேவெல மாதிரி ஒரு சந்தை ஊரில் இதுதான் மிகக் கடினம். மரம் வெட்டுகிறார்கள் என்றால் சனம் கூடும், சிறுவர்கள் முன்னுக்கு வருவார்கள், மோட்டார் சைக்கிள்காரர் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடப் பார்ப்பார். இரு பக்கமும் கொடியோடு ஆள் நிறுத்த வேண்டும்.

மாராவை ஊருக்குள் முழுதாகச் சாய்க்க முடியாது. விரிந்த மரத்தின் விட்டமே முப்பது மீற்றர் இருக்கும்போது விழுத்த இடம் எங்கே? ஆகவே அது மேலிருந்து துண்டு துண்டாகக் கீழே இறங்குகிறது. தென்னையும் பனையும் ஏறுகிறவரின் தளைநார் இங்கே உதவாது. அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்தும் கட்டிப்பிடிக்க முடியாது. மெல்லிய நூலில் பாரம் கட்டிக் கவட்டைக்கு மேலால் எறிந்து, அதைக் கொண்டு வடத்தை இழுத்து, இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு ஏற வேண்டும். ஏறியவர் எப்போதும் இரண்டு பிடியில் இருக்க வேண்டும்: ஒன்று உயரத்து வடம், மற்றது வேலை செய்யும் இடத்தில் மரத்தைச் சுற்றிய பட்டி. வாள் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். நம் ஊர்களில் இடுப்பில் சாரத்தோடு, வெறுங்காலோடு, ஒற்றைக் கயிற்றில் ஏறுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திறமையை மட்டும் நம்பி அவர்களை ஏற்றுகிற நமக்குத்தான் வெட்கம் வேண்டும்.

கொப்பை வெட்டுவதற்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கீழ்ப்புறம் மூன்றில் ஒரு பங்கு. அதற்குச் சற்று வெளியே மேற்புறம் முழுவதும். கொப்பு பாரம் இறங்கிய பிறகு மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே. முதல் வெட்டு இல்லாவிட்டால் கொப்பு முறியும்போது அடிமரத்துப் பட்டையை நெடுகக் கிழித்துக்கொண்டு இறங்கும், சில வேளை ஏறியவரின் பட்டியையும் இழுத்துக்கொண்டு. கூரைக்கு மேல் நீண்ட கொப்பு என்றால் வெட்டுவதற்கு முன்பே மேல் கவட்டையில் தொங்கும் கப்பி வழியாக வடம் கட்டிவைக்கிறார்கள். வடத்தின் மறுமுனையைக் கீழே நிற்கிறவர் கையால் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறார். ஒவ்வொரு சுற்றும் உராய்வைப் பல மடங்காக்குவதால் ஒருவரே அரைத் தொன் கொப்பை மெதுவாக இறக்கிவிடலாம். மேலிருந்து "இறுக்கு" என்றால் இறுக்குவார், "விடு" என்றால் விடுவார். இருவருக்கும் இடையில் வேறு பேச்சு கூடாது. வடத்தைக் கையில் சுற்றிக்கொள்கிறவர் விரலை இழப்பார். இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு மீற்றர் குறுக்களவும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள பச்சைக் குற்றியின் கன அளவு 0.79 கன மீற்றர், எடை அரைத் தொன்னைத் தாண்டும். அது அசையாமல் தொங்கினால் வடத்துக்கு அவ்வளவு பாரந்தான். கொஞ்சத் தூரம் விழுந்து சட்டென நின்றால் அதன் பல மடங்கு. வடம் அறுவதும் கவட்டை பிளப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அனுபவசாலிகள் குற்றியைச் சிறிதாக வெட்டுவதும், கீழே இருப்பவர் கயிற்றை வழுக்கவிட்டு மெல்ல நிறுத்துவதும் அதனால்தான்.

கையில் இருக்கும் அந்த வாளுக்கும் ஒரு பயணம் உண்டு. ஜெர்மனியில் அன்ட்ரேயாஸ் ஷ்டீல் 1929இல் செய்த பெற்றோல் வாள் 46 கிலோ எடை. தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைக்கு வந்தது 1950இல். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்தைத் தந்தது ஒரு வண்டின் புழு. அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மரம் வெட்டிய ஜோசப் கொக்ஸ், அடிக்கட்டை ஒன்றுக்குள் விரல் பருமன் புழு ஒன்று கடின மரத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இடமும் வலமுமாகச் சுரண்டிப் போவதை 1946இல் கவனித்தார். அதன் தாடைகளைப் பார்த்து எஃகில் பல் செய்தார். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. வாள் தகட்டின் நுனியில் மேல் கால்வட்டம் மரத்தில் பட்டால் வாள் முழுவதும் ஒரு நொடிக்குள் முகத்தை நோக்கிப் பின்னெழும்பும். 1970களில் வந்த சங்கிலித் தடுப்பு அதற்காகத்தான். இலங்கையில் செயின்சோ வைத்திருப்பவர்கள் அருகிலுள்ள பொலிஸில் அதைப் பதிய வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் அறிவித்தது. காட்டைக் காக்க எடுத்த நடவடிக்கை. வாளைப் பதிவதில் காட்டிய அக்கறை அதைப் பிடிக்கிற கைக்குப் பயிற்சி தருவதிலும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொப்பெல்லாம் இறங்கிய பிறகு மொட்டை அடிமரம் நிற்கும். இடம் இருந்தால் அதைச் சாய்ப்பார்கள். விழ வேண்டிய பக்கத்தில் அடிமரக் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வாய். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் மட்டத்துக்குச் சற்று மேலே, பின்வெட்டு. இரண்டு வெட்டும் சந்திக்கக் கூடாது. நடுவில் குறுக்களவின் பத்தில் ஒரு பங்கு தடிப்பில் வெட்டாத மரம் ஒரு பட்டையாக நிற்க வேண்டும். கதவைப் பிணைச்சல் தாங்குவதுபோல் அந்தப் பட்டைதான் மரத்தைத் தாங்கி, திசை மாறாமல் மெல்ல மடித்து இறக்குகிறது. அவசரத்தில் அதையும் அறுத்தால் மரம் தன் விருப்பப்படி திரும்பும். முன்பக்கம் கடுமையாகச் சாய்ந்த மரத்தில் வழக்கமான பின்வெட்டு போட்டால் பாதி வெட்டும் முன்பே அடிமரம் நெடுகப் பிளந்து, பிளந்த பகுதி வெட்டுகிறவரின் தலை உயரத்துக்கு எகிறும். சாய்ந்த மரத்துக்கு வாள் நுனியை நடுவில் குத்தி உள்ளிருந்து வெட்டி, பின்னால் ஒரு பிடியை மட்டும் விட்டுவைத்து, எல்லாம் தயாரான பிறகு கடைசியில் அந்தப் பிடியை அறுக்கும் முறை இருக்கிறது. உள்ளே உக்கிய மாராவுக்கு இந்தப் பிணைச்சலே இருக்காது. நல்ல மரச் சுவர் எங்கே என்று முன்பே தட்டிப் பார்த்திருந்தால்தான் இது தெரியும். விழும் திசைக்குப் பின்பக்கமாகச் சரிவாய் இரண்டு வழி முன்கூட்டியே வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். மரம் அசைந்ததும் வாளை விட்டுவிட்டு அந்த வழியே போக வேண்டும், விழுவதை நின்று பார்க்கக் கூடாது.

புயலில் விழுந்த மரம் இன்னொரு வகை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டைக் கடந்தபோது மாத்தளை மாவட்டம் பெருமழையாலும் மண்சரிவாலும் கடுமையாக அடிபட்டது. அப்படிப்பட்ட நாட்களில் வீதியைத் திறக்க ஊர் இளைஞர்களே கத்தியும் வாளுமாக இறங்குகிறார்கள். விழுந்த மரம் அசையாது என்று அவர்கள் நினைப்பது பிழை. வளைந்து அழுந்திக் கிடக்கும் கொப்பின் ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் இழுபட்டும் இருக்கும். இறுகிய பக்கத்தில் வெட்டினால் வாள் சிக்கும், இழுபட்ட பக்கத்தில் ஒரேயடியாக வெட்டினால் கொப்பு உதைக்கும். வேரோடு பெயர்ந்து கிடக்கும் மரத்தின் தண்டை அறுத்ததும், பல தொன் மண்ணோடு நிமிர்ந்து நின்ற வேர்த்தட்டு பழைய குழிக்குள் திரும்ப விழும். அந்தக் குழிக்குள் எவரும் நிற்கக் கூடாது என்பதை மட்டுமாவது ஒவ்வொரு ஊரிலும் சொல்லிக்கொடுத்தால் உயிர் காக்கலாம்.

அடிக்கட்டையைத் தோண்டத்தான் வேண்டும் என்றில்லை. வீதிக் கரையில் அந்த வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கின்றன. தரை மட்டத்துக்கு வெட்டிவிட்டுத் தளிரை அவ்வப்போது சீவினால் மெல்ல உக்கிப் போகும். பக்கத்தில் புதிதாக ஒன்று வைப்பதானால் கம்பிக்கு விலகி, வடிகானுக்கு விலகி, வேம்போ இலுப்பையோ வைக்கலாம். குளக்கரை என்றால் மருது.

குற்றிகள் லொறி ஏறுகின்றன. கொப்பு விறகாகிச் சூளைக்கும் பேக்கரிப் போறணைக்கும் போகும். அடிமரம் மரக்காலைக்கு. மாராவின் வெளிமரம் வெளுப்பு, பூச்சி அரிக்கும். உள்வைரம் கரும்பழுப்பு, ஓடும் வரிகள் அழகானவை. நன்றாக உலர்த்தினால் கதிரைக்கும் மேசைக்கும் அருமையான பலகை. தச்சுக்குப் பெயர்போன மொறட்டுவைப் பட்டறைகள்வரை அந்தப் பலகை போகிறது. ஆனால் வீதியோர மரம் என்றால் வாளுக்காரர் முதலில் இரும்பு தேடுகிறார். தேர்தல் சுவரொட்டிக்கு அடித்த ஆணி, தனியார் வகுப்பு விளம்பரத் தகட்டின் ஆணி, கடைப் பந்தல் கட்டிய கம்பி. மரம் ஒன்றையும் துப்பவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே புது மரம் வளர்த்து மூடிவைத்திருக்கிறது. ஆணி இருக்கும் இடத்தில் கட்டை கருநீலமாய்க் கறைபட்டிருக்கும். வாளில் ஓர் ஆணி பட்டால் பல்லெல்லாம் போய்விடும், நாடாவாள் அறுந்து ஆளையும் அடிக்கலாம். ஆகவே சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு, அந்த இடங்களைக் குறுக்கே வெட்டி நீக்குகிறார்கள். ஒன்பதடிப் பலகை வர வேண்டிய குற்றி மூன்றடியும் நாலடியுமாகத் துண்டாகிறது. ஆணி இல்லாத துண்டு கதிரைக் கைக்கும் முக்காலிக்கும் போகிறது, ஆணியுள்ள துண்டு போறணைக்கு.